ஒட்டாத நட்டு

நாமகிரிப்பேட்டையில் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் காளிதாஸின் மேசையில் பழைய பொம்மை ரயில் எஞ்சின் மல்லாந்து கிடக்கிறது. கருகிய காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, தலைமுடி போன்ற புதுக்கம்பியைப் பிசகில்லாமல் சுற்றியிருக்கிறார். வெயிலில் செம்பு மினுங்குகிறது. பேட்டரி ஒயரை வைக்கிறார். சக்கரம் நடுங்கி நிற்கிறது. "ராசிபுரத்து ரயிலே இதுக்குள்ள வந்திருக்குமுங்கண்ணா," என்று எதிரில் அமர்ந்திருக்கும் ரிஹானா சிரிக்கிறாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து, பேச்சிழந்து படுத்திருக்கும் அவள் கணவன் பயாஸின் கண்கள், அவன் அத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இந்த எஞ்சின் ஓடினால் மட்டும் அதன் பின்னே போகும். "இருங்க அம்மிணி." எஞ்சினின் குட்டி மோட்டாரிலுள்ள காந்தத்தில் காளிதாஸ் ஒரு நட்டை வைக்கிறார். காலையில் கழற்றும் முன் கவ்விப் பிடித்த அதே நட்டு இப்போது நழுவி விழுகிறது. கிணற்று மோட்டாரில் காந்தம் கிடையாது. அந்தப் பழக்கத்தில், காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே இரும்புத் துண்டு வைக்காமல், காயில் சுற்றிய நடுத்தண்டை உருவிவிட்டார். நடுவில் இரும்பு இல்லாமல் போனதும் பழைய காந்தம் பலமிழந்துவிட்டது. "காயில் நல்லாருக்குதுங்க. காந்தத்த நாந்தான் கெடுத்துப்போட்டேன்." ரிஹானாவின் சிரிப்பு நிற்கிறது. "திருப்பி ஏத்த முடியாதுங்களா?" "நம்ம பக்கம் அதுக்கு ஆளில்லீங்க. கையில தள்ளிப் பாக்கலாமுங்க." "தள்ளியாச்சுங்கண்ணா. கண்ண மூடிக்கறாரு." பக்கத்து லேத்துப் பட்டறையின் இரைச்சல் சுவரில் அதிர்கிறது. அவள் நட்டைப் பொறுக்கி நீட்டுகிறாள். "இன்னொருக்கா வச்சுப் பாருங்க." காளிதாஸ் அதைக் காந்தத்தில் வைத்து அழுத்துகிறார். விரலை எடுக்கவில்லை.