ஒளிராத காப்பு

அந்த ஆண்டு எல்லோர் கையிலும் அரசாங்கம் ஒரு காப்பை மாட்டியது. அடுத்தவர் வலி நம்மைத் தொட்டால் அது பச்சையாக ஒளிரும். ஒளிராதவர்கள் ஆபத்தானவர்கள் என்று டிவியில் சொன்னார்கள்.

என் கணவர் சபேசனின் காப்பு ஒரு மாதமாகியும் ஒளிரவில்லை. பழுது என்றே நினைத்தேன். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் என் அப்பாவைப் பதினோரு வருடமாகக் குளிப்பாட்டுபவர் அவர்.

"பழுதில்ல கோதை. சின்ன வயசுலேருந்தே எனக்கு ஒண்ணும் தோணாது," என்று ஒரு பழைய டைரியை நீட்டினார்.

'அழுகிறவர்களுக்கு முதலில் தண்ணீர். பிறகு பக்கத்தில் உட்கார வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது.'

'சாவு வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது.'

'மாமாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். புண் வந்துவிடும்.'

பக்கம் பக்கமாக இப்படியே இருந்தது. டைரியை மூடினேன்.

"அப்ப எதுக்குங்க இவ்வளவும் செஞ்சீங்க?"

"வலிக்கும்னு நீங்கல்லாம் சொன்னீங்க. நம்பினேன்."

கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுது முடிக்கும்வரை கடிகாரத்தை அவர் பார்க்கவேயில்லை.