தங்கப்பழத்தின் மூன்றாவது ஸ்பிரிண்ட்

பக்கவாதம் அடித்ததில் வத்தல் வியாபாரி தங்கப்பழத்துக்குக் கண் இமைகள் மட்டும்தான் மிச்சம். உடம்பை மறுபடி இயக்க அவர் மண்டைக்குள் பதித்த சில்லுக்கு மென்பொருள் எழுத வந்த நிவேதன், அவர் மனைவி பூரணகனியிடம் கேட்டான்:

“ஒரு வருஷத்துல மொத்தமா எழுதித் தரவா அக்கா? இல்ல, அஜைல் முறையில, ஸ்பிரிண்ட்டுன்னு ரெண்டு ரெண்டு வாரமாப் பிரிச்சு, ஒண்ணுக்கு ஒரு வேலையா தரவா? புடிக்கலேன்னா நடுவுலயே நிறுத்திக்கலாம்.”

“அவுககிட்டயே கேளுங்க தம்பி.”

மூட்டையில் கைவிட்டுப் பார்க்காமல் சரக்கெடுத்த பரம்பரையா அது? அஜைலுக்குத்தான் இமைத்துச் சம்மதம் சொன்னார் தங்கப்பழம். எந்த வேலை முதலில் என்பதை மட்டும், வாடிக்கையாளர் என்று கையெழுத்திட்ட பூரணகனிதான் சொல்ல வேண்டும்.

முதல் ரெண்டு வாரத்தில் கஞ்சி விழுங்கினார். அடுத்த ரெண்டில் எழுந்து நடந்தார். முப்பது வருஷமாக அவளை ஏசியே பழகிய நாக்கு, தன் முறை எப்போது வரும் என்று தவித்துக் கிடந்தது.

“அடுத்து பேச்சுதானே அக்கா?”

பூரணகனி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் படபடவென்று இமைத்தார்.

“கண்ணுல தூசி விழுந்திருக்கு” என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். “இப்பத்தான் மனுசனா இருக்காக. இத்தோட நிறுத்திக்கிடுவோம் தம்பி.”