ரஷீதாவின் கார்

"புது வண்டி வேணும்னா மெயின்லேண்டுல பதிஞ்சு வச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும், பாய். இது பழசுன்னாலும் பறக்கும்" என்றார் சிவஞானம். தீவிலிருந்து மாற்றலாகி மெட்ராஸ் போகும் அவருடைய இரண்டு கதவுக் கார், டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது.

ஜெய்னுதீன் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மேல்கூரைத் துணியை முழுசா மடக்கலாமா? பக்கத்து சீட்ல இருக்கறவங்க முகத்துல காத்து படுமா?"

"பில்குல், நல்லாவே படும். இந்தச் சாம்பல் கலர்தான் சிலருக்குப் பிடிக்கல."

"கலர் எதுவா இருந்தா என்ன?"

"புது மாப்பிள்ளை மாதிரி அவசரப்படறீங்களே!" என்று சிவஞானம் சிரித்தார்.

ஜெய்னுதீன் தெருவுக்குப் போய், அங்கே காத்திருந்த மனைவி ரஷீதாவைக் கைபிடித்து அழைத்து வந்தார். அவள் கதவைத் தடவித் தடவி, சீட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள்.

"நான் ஆசைப்பட்ட சிவப்புதானேங்க?"

சிவஞானத்தின் சிரிப்பு நின்றுபோனது.

"சிவப்பேதான்" என்றார் ஜெய்னுதீன்.

கடற்கரைச் சாலையில் காற்று அவள் முக்காட்டை இழுத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பார்வை இருந்த காலத்தில் அவள் கேட்டபோதெல்லாம், "கடை கொஞ்சம் நிமிரட்டும்" என்று தள்ளிப்போட்டவர் அவர். கண்ணை மறைத்த நீரைத் துடைக்க, வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்ச தூரம் போவோம்ங்க" என்றாள் ரஷீதா.