முப்பத்தேழு டிகிரி

அமைச்சர் வரும் பாதையில் சீரியல் விளக்கு எரியவேண்டுமே என்று, கைக்கு எட்டிய முதல் பிளக்கைப் பிடுங்கியவன் நான்தான். அரசாங்கம் புதிதாகக் கட்டிய மருத்துவ ஆராய்ச்சி மையத்தில் நான் அலுவலக உதவியாளன். உதவி செய்யாமல் இருக்கமுடியாது. பிடுங்கியது இதயச் செல்கள் வளரும் பெட்டியின் பிளக் என்பது மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. டாக்டர் செண்பகவல்லி எட்டு மாதமாகப் பிள்ளைபோல் வளர்த்த செல்கள். இனி இவற்றை வெளிநாட்டில் வாங்கவேண்டாம் என்று அமைச்சர் அறிவிக்கப்போவதே அவற்றைக் காட்டித்தான்.

“செத்துப்போச்சா சார்?” என்று இயக்குநரிடம் கேட்டேன்.

“கமிட்டி போட்டுப் பாக்கலாம்.”

எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். “பிளக்கு நல்லாத்தான்யா இருக்கு.”

செண்பகவல்லி திட்டக்கூட இல்லை. பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்தேழு, இருக்கவேண்டிய அதே சூடு. அமைச்சர் பொத்தானை அழுத்தித் திறந்துவைக்கும்வரை ஏசி போடக்கூடாதென்று உத்தரவு, வெளியே கத்திரி வெயில். அறையே பெட்டியாகியிருந்தது. நாங்கள் அத்தனைபேரும் அதற்குள் வெந்துகொண்டிருந்தோம்.

செல்கள் இருந்த தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. வாசலில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. நின்றுவிடும்போலிருந்தது என் இதயம்தான்.

“மேடம், நீங்களாவது சொல்லிடுங்க. இருக்கா, போச்சா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இடம்விட்டு நகர்ந்தார்.

“துடிக்குதுண்ணே.”