தாமாகவே

“வாசி மக்கா. நீ எழுதினத நீயே வாசி” என்றாள் ராஜபாய் அக்கா.

நான் டேப்லெட்டை நீட்டியபடியே நின்றேன். அவள் கை நீட்டவில்லை.

எங்கள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை அவிக்கும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. முந்தின நாள் மதியம், ஆவி இறங்கும் முன்பே டிரம்மின் மூடி திறந்து, அங்கே வேலை செய்யும் சஜிதாவின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

வெளிநாட்டில் முந்திரிப்பருப்பு வாங்குகிறவர்கள் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். விபத்து நடந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அறிக்கை ஆன்லைனில் ஏற வேண்டும். காயம்பட்டவரும் பகுதிப் பொறுப்பாளரும் வாசித்துப் புரிந்துகொண்டதாகத் திரையில் விரலால் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். அறிக்கை எழுதி ஏற்றுவது என் வேலை.

இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னேன்.

“ஆவி முழுதும் இறங்கும் முன், யாரும் சொல்லாமல், தொழிலாளி தாமாகவே மூடியைத் திறந்தார். காரணம், கவனக்குறைவு.”

“ஆரும் சொல்லாமலா?”

அந்தச் சத்தத்தில், கொட்டையின் தோடு உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

“அது சும்மா ஃபார்மாலிட்டிக்கு உள்ளதுக்கா.”

“ஒருத்தி கை வெந்து கெடக்கா ரெஜிலா. ஒனக்கு ஃபார்மாலிட்டியா?”

டேப்லெட்டைப் பிடுங்கித் திரையை மேலும் கீழும் தள்ளினாள்.

“கண்டெய்னருக்கு நேரமாச்சுன்னு மேனேஜர் மூணு தடவ இங்க வந்து நின்னு கத்தினாரு. அது எங்க? ஆவி எவ்வளவுன்னு காட்டுற முள்ளு மூணு மாசமா அசையாம நிக்குன்னு எழுதிக் குடுத்தேன். அது எங்க?”

அதற்குத் திரையில் இடம் இல்லை. ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் நான்கு பதில்கள் வரும். கவனக்குறைவு. கையுறை அணியாமை. பயிற்சிக் குறைவு. மற்றவை. ‘மற்றவை’யைத் தொட்டால் அறிக்கை மேனேஜரின் அனுமதிக்குத் திரும்பிப் போய்விடும். மேனேஜர் ‘கவனக்குறைவு’ என்று மாற்றி மறுபடி எனக்கே அனுப்புவார்.

ஒப்புப் போட மாட்டேன் என்று சொல்லவும் பொத்தான் இல்லை. ‘பிறகு’ என்று ஒன்று உண்டு. அக்கா அதை ஓங்கிக் குத்தினாள். ஒரு நிமிடத்தில் இதே பக்கம் மறுபடியும் வரும் என்றேன்.

“அப்போ இதுல வேண்டான்னு சொல்லுறதுக்கே வழி இல்ல?”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“சஜிதா இதக் கண்டாளா?”

“காலையிலேயே தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்பு வாங்கியாச்சு. எடது கை வெரலால போட்டா.”

அக்காவின் முகம் சிவந்துபோனது.

“வேதனையில கெடக்கிறவகிட்ட, அவளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தக் காட்டி, நல்லா இருக்குற கையையும் பிடிச்சு ஒப்பு வாங்கினியளா? நாணம் இல்லியா ஒங்களுக்கு? அவ கவனக்குறைவாமே! எட்டு வருசமா என்கூட நிக்கா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சொல்லாம மூடியத் தொட்டிருக்காளா?”

மேசைகளில் இருந்து முணுமுணுப்பு எழுந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், அந்தக் கையை நானே சுட்டதுபோல.

எனக்கும் பொறுக்கவில்லை.

“நான் ஒண்ணும் இட்டுக்கட்டி எழுதலக்கா. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல இருந்து ரெண்டு தடவ கேட்டேன். ஆரு தெறக்கச் சொன்னா, பயப்படாம சொல்லுன்னு கேட்டேன். ஆரும் சொல்லல, நானாத்தான் தெறந்தேன்னு அவதான் சொன்னா. அழுதுக்கிட்டே சொன்னா. அவ சொன்னதத்தான் எழுதினேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“அவளா சொன்னா?”

“அவளேதான்.”

“ரெண்டு தடவையும்?”

“ரெண்டு தடவையும்.”

அவள் பக்கத்தில் இருந்த கொட்டை மூட்டையின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒப்புக்கான கட்டத்தில் விரலை வைத்தாள்.

ஒரு பெயர் எழுத இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே போயின போலிருக்கிறது. அழித்துவிட்டு, சின்னதாக, மறுபடி முதலிலிருந்து எழுதினாள். என் கையில் தந்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே மேனேஜரின் அறையைப் பார்த்து நடந்தாள்.

நான் திரையைப் பார்த்தேன்.

‘தெறக்கச் சொன்னது நான். ராஜபாய்.’

பொறுப்பாளரின் தவறு என்று பதிவானால் அன்றைக்கே வேலை போகும். அது அவளுக்கும் தெரியும்.

கட்டத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. அழி. அனுப்பு. ஒப்பு சரியாக விழாவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப வாங்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அனுப்பினேன்.