பதினோரு குளிர்காலம்

மலாக்கியைப் புதைத்த மறுநாள் விடியற்காலை, அட்ராக்டாவின் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது.

"செத்தும் விடலையே பாவி! சாபம் குடுத்துட்டுப் போயிட்டான்."

"சும்மா இருடி." மூன்று கம்பளிக்குள்ளிருந்து அவள் கணவன் யூனன் இருமினான். நெஞ்சு சரியில்லாதவன். வீடு ஒருநாள் குளிர்ந்தால் ஆஸ்பத்திரி, இரண்டு நாள் குளிர்ந்தால் பாதிரியார் என்ற நிலைமை. "பக்கத்து வீட்டுக்காரன் சாவுக்கும் போகல. பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்ல."

"வேலியை உடைக்கிறவன் சாவுக்கு நான் எதுக்குப் போகணும்? நான் அடைக்க அடைக்கப் பிரிச்சானே! இந்த பாய்லர் வந்த வருஷத்துலேர்ந்து இதே கூத்து. அத்தனை நிலத்தாசை!"

பதினோரு குளிர்காலம். அயர்லாந்தின் டொனிகால் பனியில் ஊர் பாய்லரெல்லாம் படுத்தபோதும் இது படுத்ததில்லை. அவளுக்கு அதில் பெருமை. உள்ளுக்குள் பயமும்.

உறைபனி நாட்களில், இருட்டு விலகுமுன் பாய்லரின் மூச்சு அடங்கும். வீடே செத்த மாதிரி கிடக்கும். அப்புறம் பின்சுவரில் டொக், டொக், டொக். புஸ்ஸென்று ஒரு சீறல். ஜன்னல் திரைக்கு வெளியே வெள்ளையாக ஏதோ எழும்பும். பாய்லர் மறுபடி உறுமும்.

அவள் திரையை ஒருநாளும் விலக்கியதில்லை. தீர்த்தம் தெளித்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

இன்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தட்டல் வரவில்லை.

மெக்கானிக் ஃபின்டன் பின்சுவருக்கு வெளியே பாய்லர் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தான்.

"எண்ணெய் இருக்கு. மிஷின் தங்கம், அக்கா. இது புகையிலேர்ந்தும் சூட்டை உறிஞ்சிடும். மிச்சம் தண்ணியா சொட்டும். அந்தத் தண்ணி போற குழாய்தான் உறைஞ்சிருக்கு, அதான் மிஷின் நின்னுடுச்சு. வடக்குச் சுவருல வெறுமனே விட்டிருக்காங்க. ஒவ்வொரு பனிக்கும் நின்னிருக்குமே?"

"பதினோரு வருஷமா நின்னுபோச்சுன்னு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டதில்ல, தம்பி!"

வெந்நீர் வாங்கிக் குழாயில் ஊற்றினான். புஸ்ஸென்று வெள்ளையாக எழும்பியது. ஐஸ் உடைய ஸ்பானரால் தட்டினான். டொக், டொக், டொக். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பாய்லர் உறுமியது.

அட்ராக்டாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"யாரோ ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க அக்கா. புல்லு வெந்து கிடக்கு பாருங்க. உங்க சுவருல பாய்லர் ஆவி எழும்பலைன்னா, நின்னுபோச்சுன்னு பக்கத்து வீட்டுலேர்ந்தே தெரியுமே."

வெந்த புல்லிலிருந்து ஒற்றையடித் தடம் ஒன்று நேராக வேலிக்குப் போனது. போன வாரம் அவள் முள்கம்பி போட்டு அடைத்த சந்து, கம்பி அறுபட்டுத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கக் கம்பத்தில், மலாக்கியின் கெட்டில் கவிழ்ந்து தொங்கியது.