குச்சிக்குக் குச்சி

"அடக் கடவுளே! நிறுத்துங்க! இது என்ன கடையா, சுடுகாடா?"

சதாயே போட்ட கூச்சல்ல குரோமோன் சந்தையே திரும்பிப் பார்த்துச்சு. பக்கத்துக் கடையில முட்டை ஆம்லெட் சுருட்டிட்டு இருந்த நான், அடுப்பை அணைச்சுட்டு ஓடினேன்.

பார்த்தா எனக்கே பகீர்னு ஆயிடுச்சு.

சதாயே கடை முக்காலியில வயசான புருஷன் பொண்டாட்டி. சுட்ட கானாங்கெளுத்தியைச் சாப்பிட்டு முடிச்சிருந்தாங்க. தட்டுல கிடந்த முள்ளை அந்தம்மா தான் சாப்பிட்ட ஜோடிக் குச்சியால எடுத்து நீட்ட, அவர் தன் குச்சியால வாங்கி, வெள்ளைக் கைக்குட்டையில வைக்கிறார்.

குச்சியிலிருந்து குச்சிக்கு! எங்க ஊர்ல பொணத்தை எரிச்சிட்டு, சொந்தக்காரங்க எலும்பு பொறுக்கும்போது மட்டும் செய்யற காரியம். சாப்பிடற இடத்துல சின்னப் புள்ளை செஞ்சாகூட எங்க வீட்டுல கையிலேயே போடுவோம்.

"வியாபார நேரத்துல இப்படியா அபசகுனம் பண்ணுவீங்க? பாருங்க, ஆளுங்க நழுவறதை!" சதாயே கத்தினா.

"வெளிநாட்டுக்காரங்க செஞ்சா தெரியாம செஞ்சாங்கன்னு விடலாம். உங்களுக்குமா தெரியாது?" நானும் என் பங்குக்குக் கேட்டேன்.

"தெரியும்மா." அந்தம்மா எழுந்து குனிஞ்சு வணங்கினாங்க. "மன்னிச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிடறோம்."

"முடிக்கறதாவது! முதல்ல எந்திரிங்க!" சதாயே தட்டைப் பிடிச்சு இழுத்தா.

பெரியவர் தட்டை விடல.

"எங்க பையன் மீன்பிடி படகுல இருந்தான்மா. 'நான் பிடிக்கிற மீன் அந்தச் சந்தைக்குத்தான் போகுது, உங்களை ஒருநாள் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வைக்கறேன்'னு சொல்லிட்டே இருப்பான். போன குளிர்ல படகு கவுந்துடுச்சு. மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க பிள்ளையோட எலும்பை எடுத்து வச்சாங்க. எங்க பிள்ளையை மட்டும் கடல் தரவே இல்ல. எங்களுக்கு எடுக்க..."

 

சதாயே தட்டை விட்டா. விறுவிறுன்னு போய், நட்ட நடு வியாபாரத்துல, கடை மூடியாச்சுன்னு காட்ட வாசல் திரையைக் கழட்டி உள்ளே வச்சா. அப்புறம் புதுக் குச்சி ஜோடி ஒண்ணைப் பிரிச்சுகிட்டு அவங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

"பையன் பேரு என்னம்மா?"

"இசாமு."

சதாயே குச்சியை நீட்டினா.

"இசாமுவோட அடுத்த எலும்பை என்கிட்ட குடுங்கம்மா."